பாப்கான் எண்ணிக்கையில் வராதவர்கள்: டெபியன் உருவாக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டெபியன் உருவாக்குநர்களுக்கும், பாப்கான் கணக்கெடுப்பைப் பராமரித்துவரும் தன்னார்வலர்களுக்கும்,

வணக்கம்.

காவிரிப் பாசனப் பகுதியில் உள்ள ஓர் உதவிபெறும் பள்ளியின் கணினிக்கூடத்தை ஆறு ஆண்டுகளாக ஊதியம் பெறாமல் பராமரித்து வருகிறேன். அங்கே இருபத்து நான்கு கணினிகள் இருக்கின்றன. இருபத்து நான்கிலும் டெபியன் என்ற கட்டற்ற லினக்ஸ் இயங்குதளம்தான் ஓடுகிறது. பிள்ளைகள் தமிழில் தட்டச்சு செய்கிறார்கள், லிப்ரெஆபீஸில் கட்டுரை எழுதுகிறார்கள், படம் வரைகிறார்கள். நிறுவியின் முதல் திரையில் 'தமிழ்' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்து இயங்குதளத்தை நிறுவ முடிகிறது என்பதை அவர்களுக்குக் காட்டிய நாளில் வகுப்பில் எழுந்த ஆரவாரம் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த மொழிபெயர்ப்புக்கும், அதைத் தாங்கி நிற்கும் ஒவ்வொரு பொதிக்கும் (நிறுவத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருளுக்கும்) பின்னால் இருக்கும் உங்கள் உழைப்புக்கு முதலில் நன்றி.

இந்த மடல் பாப்புலாரிட்டி கான்டெஸ்ட் என்ற பெயரில் நீங்கள் நடத்திவரும், சுருக்கமாகப் பாப்கான் என்று எல்லோரும் அழைக்கும் கணக்கெடுப்பைப் பற்றியது. பயனர்கள் தாமாக முன்வந்து அனுப்பும் விவரங்களைக் கொண்டு எந்தப் பொதி எத்தனை கணினிகளில் இருக்கிறது, எத்தனை கணினிகளில் உண்மையில் பயன்படுகிறது என்று வரிசைப்படுத்தும் அந்தப் பட்டியலை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அந்த எண்கள் சொல்லாத ஒன்றை, சொல்வதாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது என்பதே என் கவலை. பொதிகள் எல்லாம் சேமிக்கப்பட்டிருக்கும் களஞ்சியத்திலிருந்து ஒரு பொதியை நீக்கக் கோரும் வழுப்பதிவுகளில் (பிழை அறிக்கைகளில்) 'பராமரிப்பாளர் இல்லை, பாப்கான் குறைவு' என்ற வரி அடிக்கடி இடம்பெறுகிறது. இதில் முதல் காரணம் உண்மையானது. ஆளில்லாத பொதியை எத்தனை நாள்தான் சுமப்பது? இரண்டாவது காரணத்தைத்தான் நாம் உட்கார்ந்து ஆராய வேண்டும்.

என் கணினிக்கூடத்தில் நேர்ந்ததையே சொல்கிறேன். ஒரு கணினியில் டெபியனை நிறுவி, தமிழ் எழுத்துருக்கள், விசைப்பலகை, கல்விப் பொதிகள் எல்லாவற்றையும் அமைத்தேன். நிறுவலின்போது கணக்கெடுப்பில் பங்கேற்க விருப்பமா என்ற கேள்வி வந்தது. தலைமையாசிரியையிடம் அதன் பொருளை விளக்கி, அவருடைய ஒப்புதலோடு 'ஆம்' என்றேன். பிறகு, இத்தகைய கூடங்களைப் பராமரிக்கும் எவரும் செய்வதைப் போலவே, அந்த வட்டின் படிமத்தை, அதாவது முழு நகலை, எடுத்து மற்ற இருபத்து மூன்று கணினிகளிலும் பதித்தேன். ஒரே நாளில் வேலை முடிந்தது. டெபியனின் புள்ளிவிவரத்தில் எங்கள் பள்ளியும் இருபத்து நான்கு கணினிகளோடு சேர்ந்துவிட்டது என்று மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போனேன்.

ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து, வேறொரு வேலையாகப் பாப்கானின் அமைவுக் கோப்பைத் திறந்தபோதுதான் அந்தக் குறிப்பைப் படித்தேன். ஒவ்வொரு கணினிக்கும் தற்செயலாக உருவாக்கப்பட்ட ஓர் அடையாள எண் அந்தக் கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது. அதே எண்ணோடு புதிய அறிக்கை ஒன்று வரும்போது முந்தைய அறிக்கை அழிந்து அதன் இடத்தில் புதியது அமர்கிறது என்று அங்கேயே தெளிவாக எழுதி வைத்திருக்கிறீர்கள். பக்கத்துக் கணினியைத் திறந்து பார்த்தேன், அதே எண். அதற்கடுத்ததிலும் அதே எண். வாரத்தின் எந்த நாளில் அறிக்கை அனுப்ப வேண்டும் என்பதும் அதே கோப்பில்தான் இருக்கிறது என்பதால், இருபத்து நான்கு கணினிகளும் ஒரே நாளில், ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே இடத்தில் எழுதிக்கொண்டிருந்திருக்கின்றன. கடைசியாக அனுப்பிய கணினி மட்டும் பட்டியலில் நின்றது. இருபத்து நான்கு கணினிகளும், அவற்றைப் பயன்படுத்தும் முந்நூறுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் இரண்டு ஆண்டுகளாக உங்கள் கணக்கில் ஒரே ஒரு கணினியாக இருந்திருக்கிறார்கள்.

இதில் உங்கள் பிழை எதுவும் இல்லை. கோப்பைப் படிக்காமல் நகலெடுத்தது என் தவறு. ஆனால் இந்தத் தவறு எந்தத் திசையில் நடக்கிறது என்று பாருங்கள். தன் மடிக்கணினியில் தானே டெபியனை நிறுவிக்கொள்ளும் ஒரு நிரலாளர் முழுமையாக ஒருவராக எண்ணப்படுகிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி நிறுவிப் பார்க்கும் ஆர்வலருக்கு ஒவ்வொரு முறையும் புது எண் கிடைக்கிறது; பழைய எண்ணின் அறிக்கை காலாவதியாகும்வரை அவர் இருவராகவே கணக்கில் நிற்கிறார். பள்ளி, நூலகம், அச்சகம், கூட்டுறவுச் சங்கம் என்று ஒருவர் அமைத்துப் பலர் பயன்படுத்தும் இடங்களோ ஒன்றாகச் சுருங்குகின்றன, அல்லது அறவே வருவதில்லை. தாறுமாறாக எல்லாப் பக்கமும் சிதறும் பிழை என்றால், எண்ணிக்கை பெருகப் பெருக ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும். இது ஒரே பக்கம் சாயும் தராசு. இதில் எத்தனை லட்சம் அறிக்கைகளை ஏற்றினாலும் சாய்வு நிமிராது.

அடுத்து, 'பயன்பாடு' என்று நீங்கள் அளப்பது என்ன என்பதைப் பற்றி. ஒரு பொதியின் கோப்புகள் கடைசியாக எப்போது படிக்கப்பட்டன என்று கோப்பு முறைமை குறித்து வைக்கும் நேரத்தைப் பாப்கான் பார்க்கிறது. அண்மையில் படிக்கப்பட்டிருந்தால் அந்தப் பொதிக்கு ஒரு வாக்கு; வெகுநாள் படிக்கப்படாமல் கிடந்தால் அது 'பழையது' என்ற பத்தியில் சேர்கிறது. எளிமையான, நேர்த்தியான வழிதான். ஆனால் திடநிலை வட்டின் ஆயுளைக் காக்க வேண்டும் என்று யாரோ சொல்லக் கேட்டு, படித்த நேரத்தைக் குறிக்கவே வேண்டாம் என்ற 'நோஏடைம்' தேர்வோடு வட்டை இணைத்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் நாள்தோறும் திறக்கும் உலாவிகூட, நிறுவிய நாளிலிருந்து தொடப்படாததைப் போல உங்கள் பட்டியலில் தோன்றும். மறுபக்கம், வட்டு முழுவதையும் கோப்பு கோப்பாகப் படித்து நகலெடுக்கும் காப்பு நிரல் ஒன்று ஓடினால், எவருமே தொடாத பொதிக்கும் வாக்கு விழுந்துவிடும்.

எழுத்துருக்களின் கதை இன்னும் வருத்தமானது. இயங்கு கோப்புகள், நூலகக் கோப்புகள் முதலிய சில வகைகளை மட்டுமே பாப்கான் கவனிக்கிறது. ஓர் எழுத்துருப் பொதியில் அப்படிப்பட்ட கோப்பு எதுவும் கிடையாது. ஆகவே அது 'கோப்பில்லை' என்ற பத்தியில் போய் விழுகிறது. லோகித் தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கூடத்தில் காலை ஒன்பதரை மணிக்கு முதல் கணினியை இயக்கியது முதல் மாலை மணியடிக்கும்வரை திரையில் தெரியும் ஒவ்வொரு 'அ'வும் ஒவ்வொரு 'ழ'வும் அந்தப் பொதியிலிருந்துதான் வருகின்றன. இதைவிடத் தொடர்ந்து பயன்படும் பொதி எங்களிடம் வேறு இல்லை. ஆயினும் பயன்பாட்டு வாக்குகளில் அதற்குக் கிடைப்பது சுழியம். மொழிபெயர்ப்புப் பொதிகள், ஆவணப் பொதிகள், அகராதிகள் போன்றவற்றுக்கும் இதே கதிதான். நிறுவல் எண்ணிக்கையையாவது நம்பலாமா என்றால், மேசைத்தளத் தொகுப்போடு தானாக வந்து இறங்கும் பொதிக்கு யாரும் விரும்பாமலேயே எண்ணிக்கை ஏறுகிறது. தேடிப்போய் நிறுவ வேண்டிய பொதிக்கு உண்மையான தேவை இருந்தும் ஏறுவதில்லை.

இந்த இடர்ப்பாடு டெபியனுக்கு மட்டும் உரியதன்று. தாமாக அனுப்பப்படும் கணக்குகள் எல்லாவற்றையும் பிடித்த சிக்கல் இது. 2022 ஆகஸ்டில், லினக்ஸுக்கான மேசைத்தளச் சூழல் ஒன்றை உருவாக்கும் க்னோம் திட்டம், கணினியின் அமைப்பைத் திரட்டி அனுப்பும் சிறு கருவி ஒன்றை வெளியிட்டு, விருப்பமுள்ளவர்கள் நிறுவி இயக்குமாறு கேட்டுக்கொண்டது. 2,560 பேர் அனுப்பினார்கள். மெய்நிகர்க் கணினிகளைக் கழித்தபின் 2,517 மிஞ்சின. அவற்றில் லினக்ஸ் வழங்கல்களின் பங்கு: ஃபெடோரா 54.69 விழுக்காடு, ஆர்ச் 18.64 விழுக்காடு, உபுண்டு 10.61 விழுக்காடு. க்னோமை உலகில் மிகப் பரவலாகக் கொண்டுசேர்த்த வழங்கல்களுள் ஒன்றான உபுண்டு, ஆர்ச்சுக்குப் பின்னால் நிற்கிறது! முனையத்தைத் திறந்து கட்டளை ஒன்றை இயக்கி ஒரு திட்டத்துக்கு உதவ வேண்டும் என்று நினைப்பவர் யார் என்பதைத்தான் அந்த விழுக்காடுகள் காட்டின. அதை வெளியிட்டவர்களே இந்த மாதிரி எல்லாப் பயனர்களுக்கும் பொருந்தாது என்பதை மறைக்காமல் அறிக்கையிலேயே எழுதினார்கள். ஆனால் எண் ஒன்று அச்சாகிவிட்டால் அதன் எச்சரிக்கையைப் பின்னால் விட்டுவிட்டுத் தான் மட்டும் ஊர் சுற்றும். 'க்னோம் பயனர்களில் பாதிக்கு மேல் ஃபெடோராக்காரர்கள்' என்று பிறகு சொன்னவர்களில் எத்தனை பேர் அந்த எச்சரிக்கையையும் சேர்த்துச் சொன்னார்கள்?

கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் மாதந்தோறும் வெளியிடும் வன்பொருள் கணக்கெடுப்பில் பயனர் தானாகப் போய்ச் சேர முடியாது. தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு அழைப்பு வருகிறது, அவர்கள் விரும்பினால் சேரலாம். அந்த ஒழுங்கு இருந்தும், 2023 மார்ச்சில் எளிய சீன மொழியில் ஸ்டீமைப் பயன்படுத்துவோரின் பங்கு ஒரே மாதத்தில் பாதிக்கு மேல் ஏறியது. லினக்ஸின் பங்கு 1.27 விழுக்காட்டிலிருந்து 0.84 விழுக்காட்டுக்கு இறங்கியது. முப்பது நாளில் மூன்றில் ஒரு பங்கு லினக்ஸ் விளையாட்டாளர்கள் ஓடிவிட்டார்கள் என்று எவரும் நம்ப மாட்டார்கள். அந்த மாதம் யாரைக் கேட்டார்கள் என்பதுதான் மாறியிருந்தது. இதற்கு முன் ஆசிய நாடுகளின் இணைய மையங்களில் ஒரே பயனர் பலமுறை எண்ணப்பட்டுவந்த கோளாறு 2017இல் புகுந்ததையும், 2018இல் அது திருத்தப்பட்டதையும் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமே விளக்கியது. பலர் கூடிப் பயன்படுத்தும் கணினி அங்கே பலவாகப் பெருகியது. எங்கள் பள்ளியில் பல கணினிகள் ஒன்றாகச் சுருங்கின. கூட்டாகப் பயன்படும் கணினியை எண்ணத் தெரியாமல் தடுமாறுவது இரண்டுக்கும் பொதுவாக இருக்கிறது.

உபுண்டு 18.04 வெளியானபோது, நிறுவியபின் முதன்முறை உள்நுழையும்போது கணினி விவரத்தை அனுப்பலாமா என்று கேட்டார்கள். 'அனுப்பு' என்ற தேர்வு முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்தது. சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் அனுப்பினார்கள் என்று உபுண்டுவை வெளியிடும் கனானிக்கல் நிறுவனம் அறிவித்தது. உங்கள் நிறுவியில் 'இல்லை' என்பதே இயல்பான விடை. உங்கள் வழிதான் நேர்மையானது என்பது என் உறுதியான எண்ணம். அதை மாற்றும்படி நான் ஒருபோதும் கேட்க மாட்டேன். தன் கணினியில் என்ன இருக்கிறது என்பதை ஒருவர் சொல்லாமலிருப்பது அவருடைய உரிமை. ஆனால் அந்த உரிமையை மதிக்கும் நாம், வாய் திறக்காதவரை இல்லாதவராகக் கருதும் உரிமையைச் சேர்த்தே எடுத்துக்கொள்ள முடியாது.

அளவு ஒன்றைச் சொன்னால் என் கவலை விளங்கும். உலகம் முழுவதிலுமிருந்து பாப்கானுக்கு வந்துசேரும் அறிக்கைகள் சில லட்சம்தான். எங்கள் அண்டை மாநிலமான கேரளத்தில் அரசின் கல்வித் தொழில்நுட்ப அமைப்பான கைட் நிறுவனம், டெபியனின் வழிவந்த உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு தான் அமைத்த இயங்குதளத்தைப் பள்ளிகளில் மட்டும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்குக் கொண்டுசென்றது. ஒரு மாநிலத்தின் வகுப்பறைகளே இத்தனை கணினிகள் என்றால், டெபியனும் அதன் வழிவந்தவையும் ஓடும் கணினிகளில் எத்தனை பங்கு உங்கள் பட்டியலுக்கு வருகிறது என்று யாரால் சொல்ல முடியும்? களஞ்சியத்தின் நகல்கள் உலகெங்கும் யார் யாராலோ பராமரிக்கப்படுகின்றன. பதிவிறக்கங்களைக் கூட்டிப் பார்க்க ஒரு மையம் இல்லை. பங்கு தெரிகிறது, மொத்தம் தெரியவில்லை. அப்படியிருக்க விழுக்காடு என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

இன்னும் ஒன்று என்னை உறுத்துகிறது. வட்டுகளில் பொதிகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதைத் தீர்மானிக்கப் பாப்கான் உதவுகிறது. நிறுவியின் கேள்வியே இதை எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. பலமுறை கேட்கப்படும் பொதி முதல் வட்டில், அரிதாகக் கேட்கப்படுவது பின்வரும் வட்டுகளில். இன்று அந்த வட்டுகளை நம்பியிருப்பவர் யார்? நல்ல இணைய இணைப்பு உள்ளவருக்கு அந்த வரிசையால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அவர் சிறிய படிமத்தை இறக்கிக்கொண்டு மற்றதை நேரடியாகக் களஞ்சியத்திலிருந்து எடுத்துக்கொள்வார். வரிசை உண்மையில் யாரைப் பாதிக்குமோ, அவரிடம் இணைப்பு இல்லை. இணைப்பு இல்லாததால் அவருடைய அறிக்கை உங்களுக்கு வருவதில்லை. எங்களுக்கு எட்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஓர் ஊரில் நடுநிலைப்பள்ளி ஒன்று இருக்கிறது. அங்குள்ள ஒன்பது கணினிகளுக்கு என் கையால் வட்டு கொண்டுபோய்த்தான் டெபியன் நிறுவினேன். அந்த ஒன்பதும் இதுவரை ஒருமுறைகூடப் பாப்கானின் வழங்கியைத் தொட்டதில்லை, இனியும் தொடப்போவதில்லை. இணைப்பு உள்ளவர் போட்ட வாக்கால் இணைப்பு இல்லாதவருக்கு எது கிடைக்கும் என்று முடிவாகிறது.

பாப்கானால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு பொதிக்கு நூறு அறிக்கைகள் வந்திருந்தால், மறுபடி நிறுவியவர்களால் நேரும் சிறு இரட்டிப்பை ஒதுக்கிவிட்டு, குறைந்தது அத்தனை இடங்களிலாவது அது நிறுவப்பட்டிருக்கிறது என்று நம்பலாம். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு அஞ்சல் நிரல்களில் எது அதிகம் விரும்பப்படுகிறது என்று, பதில் சொன்னவர்களுக்குள் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு நூலகத்தின் பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்புக்கு மக்கள் எந்த வேகத்தில் நகர்கிறார்கள் என்பதும் ஓரளவு தெரியும். குறைந்த எண்ணைக் கண்டு 'ஆளில்லை' என்று முடிவு கட்டும் இடத்தில்தான் அது கைகொடுக்காது. தமிழைப் போன்ற மொழிகளுக்குரிய பொதிகளும், பள்ளிகளுக்கானவையும், மாற்றுத்திறனாளிகள் நம்பியிருக்கும் கருவிகளும் பெரும்பாலும் அந்தக் குறைந்த எண்களின் பக்கத்தில்தான் நிற்கின்றன.

எனவே உங்கள் முன் சில கோரிக்கைகளை வைக்கிறேன். நீக்கக் கோரும் வழுப்பதிவுகளில் பாப்கான் எண்ணைத் தனிக் காரணமாகக் காட்டும் வழக்கத்தைக் கைவிடுங்கள். பராமரிக்க ஆளில்லை என்றால் அதை மட்டும் சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் யாராவது முன்வர வாய்ப்பு உண்டு. 'பயன்படுத்துவோர் இல்லை' என்று சொன்னாலோ, முன்வர நினைப்பவரும் தன்னைத் தவிர எவருக்கும் இது வேண்டாம் போலிருக்கிறது என்று ஒதுங்கிவிடுவார். எழுத்துரு, மொழிபெயர்ப்பு, ஆவணம் ஆகிய வகைகளுக்கு வாக்குப் பத்தியில் சுழியம் என்று அச்சிடுவதைவிட 'அளக்க இயலாது' என்று எழுதுவது உண்மைக்கு நெருக்கமாக இருக்கும். சுழியமும் அளக்க இயலாமையும் ஒன்றல்ல என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

படிமம் எடுத்துப் பல கணினிகளில் பதிப்பவர்களுக்காக, அமைவுக் கோப்பின் உள்ளே இருக்கும் அந்தக் குறிப்பை நிறுவல் கையேட்டிலும் இடம்பெறச் செய்யுங்கள். வன்பொருள் மாறியிருப்பதை உணர்ந்து புதிய அடையாள எண்ணை உருவாக்கலாமா என்று கேட்கும் வழி இருந்தால் இன்னும் நல்லது. ஃபெடோரா தன் 32ஆம் பதிப்பிலிருந்து பின்பற்றும் முறையையும் பரிசீலிக்குமாறு வேண்டுகிறேன். அங்கே கணினிக்கு அடையாள எண்ணே கிடையாது. பொதிப் பட்டியலைப் புதுப்பிக்கப் போகும்போது வாரத்தில் ஒரே ஒரு முறை, 'என்னையும் எண்ணிக்கொள், நான் நிறுவப்பட்டு இத்தனை காலம் ஆகிறது' என்று மட்டும் தோராயமான வயதோடு சேர்த்துச் சொல்கிறது. எந்தப் பொதிகள் உள்ளன என்பதை அது சொல்வதில்லை. அடையாள எண்ணை நம்பியிருக்காததால் நகலெடுத்த கணினிகள் ஒன்றாகச் சுருங்குவதும் இல்லை. அது இயல்பாகவே இயங்கும் ஏற்பாடு என்பதால் அப்படியே டெபியனுக்குப் பொருந்தாது. ஆனால் ஒப்புதல் கேட்டு அதே போன்ற எண்ணிக்கை ஒன்றைப் பாப்கானுக்கு அருகில் வைத்தால், பொதி விவரம் தர விரும்பாதவர்களில் ஒரு பகுதியினராவது தாங்கள் இருக்கிறோம் என்பதைத் தெரிவிப்பார்கள். அப்போது பட்டியலில் வராதவர்களையும் சேர்த்த மொத்தத்தைப் பற்றி முதன்முறையாக ஓரளவு பேச முடியும்.

வட்டு வரிசையைப் பொறுத்தவரை, மொழிகளுக்கும் பள்ளிகளுக்கும் உரிய தொகுப்புகளைப் பாப்கான் வரிசையிலிருந்து விலக்கி, அந்தந்த மொழிக் குழுக்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். கேட்பதற்கு ஆட்கள் இருக்கிறோம். 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் மினிடெப்கான்ஃப் என்ற வட்டார டெபியன் மாநாடு நடந்தது; அதே ஆண்டு செப்டம்பரில் டெபியனின் உலக மாநாடான டெப்கான்ஃப் கொச்சிக்கு வந்தது. இந்தப் பக்கத்தில் டெபியனைப் பயன்படுத்துவோர் யார், எதற்காக என்று தெரிந்துகொள்ள அந்தக் கூட்டங்களில் வந்து நின்றவர்களைக் கேட்டாலே, எந்த அட்டவணையிலும் கிடைக்காத விடைகள் கிடைக்கும்.

எங்கள் பள்ளியின் இருபத்து நான்கு கணினிகளிலும் பழைய அடையாள எண்ணை நீக்கிவிட்டு, பாப்கானை மறுபடி அமைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி எண் உருவாகியிருப்பதைச் சரிபார்த்துவிட்டேன். இனி வாரந்தோறும் இருபத்து நான்கு அறிக்கைகள் உங்களை வந்தடையும். நடுநிலைப்பள்ளியின் ஒன்பது கணினிகளைப் பற்றி இந்த மடலில்தான் உங்களுக்குத் தெரிவிக்க முடிகிறது. அவற்றில் இருக்கும் பொதிகளின் பட்டியலை ஒரு நினைவியில் எடுத்து வைத்திருக்கிறேன். எந்த வடிவில், எங்கே அனுப்ப வேண்டும் என்று சொன்னால் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உழைப்பை நாள்தோறும் பயன்படுத்தும்
ஒரு பள்ளிக் கணினிக்கூடப் பராமரிப்பாளர்